ஐம்பத்து நான்கு பவுண்டு

நான் விற்பது காலி இடம். மேஜையில் என்னவோ கொக்கி, வலை, காந்தப் பட்டை, மடங்குகிற வாளி என்று பரப்பித்தான் வைத்திருப்பேன். ஆனால் அதற்காக யாரும் வருவதில்லை. நாலு படுக்கையறை வீட்டை விற்றுவிட்டு முப்பதடி நீள வண்டிவீட்டில் குடியேறியவர்களுக்கு இரண்டே மாதத்தில் ஒரு மூச்சுமுட்டல் வரும். புருஷன் திரும்பினால் மனைவி வெளியே இறங்க வேண்டும், மனைவி குனிந்தால் நாய் வெளியே இறங்க வேண்டும். அதற்குத்தான் என்னிடம் மருந்து. அதனால் வண்டிவீட்டுக்காரர்கள் குளிருக்கு ஒதுங்குகிற குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம் முடிகிறவரை என் மேஜை முன்னால் ஆள் இல்லாத நேரம் கிடையாது.

என் அப்பாவும் அம்மாவும் பிக்அப் வண்டியின் பின்கதவையே கடைப்பலகையாக விரித்து, சந்தை சந்தையாகப் பேரம் பேசித் திரிந்தவர்கள். எனக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே ஒன்று தெரியும். எதையும் தொட்டுப் பார்க்காமல் நேராக முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் வந்தால் அவரிடம் பொய் சொல்லக் கூடாது. அவருக்கு உண்மையிலேயே அவசரம்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, இன்னும் முதல் போணிகூட ஆகவில்லை, நெல்டா அப்படித்தான் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா. ஒரு கொக்கியைக்கூடத் தொடவில்லை.

"இருபது அங்குல நீளம், பத்து அகலம், பதினாலு உயரம். அம்பத்திநாலு பவுண்டு. இதுக்கு ஒரு இடம் வேணும்."

"என்னம்மா அது, பன்னிக்குட்டியா?"

"தையல் மெஷின்."

"அம்பத்திநாலு பவுண்டுக்கா? அப்படி எதைத் தைக்கிறீங்க, ரயில் பெட்டியவா?"

"கிட்டத்தட்ட. தானிய லாரிக்கு மேல போடற தார்ப்பாய். அயோவால ஒரு பட்டறையில இருபத்தெட்டு வருஷம் அதான் வேலை. பட்டறையை மூடினப்ப மெஷினை நான் எடுத்துக்கிட்டேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார மாட்டேன் என்றாள். பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கொட்டிவிட்டாள்.

அவளும் கணவன் கெரிட்டும் வண்டிவீட்டில் ஏறிப் பதினோரு மாதம் ஆகிறது. மெஷினுக்கு இன்னும் ஓரிடம் அமையவில்லை. பகலில் கட்டில்மேல் இருக்கும். படுக்கப் போகும்போது சாப்பாட்டு மேஜைமேல் போகும். சாப்பிடும்போது தரைக்கு வரும். தரையில் இருக்கும்போது கெரிட் அதில் இடித்துக்கொள்வான். இதுவரை மூன்று முறை. மூன்றாவது முறை கால் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. நகம் போன அன்று நாலு மணி வட்டத்தில், எல்லோரும் அவரவர் நாற்காலியும் கோப்பையுமாக உட்கார்ந்திருக்கிற இடத்தில், செருப்பில்லாத காலை நீட்டிக் காட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: சனிக்கிழமைக்குள் அந்த மெஷின் ஒரு கதவுக்குப் பின்னால் போக வேண்டும். கதவு மூட வேண்டும். இல்லாவிட்டால் அது இலவச மேஜைக்குப் போகும்.

முகாம் நடுவில் ஒரு பழைய பலகை கிடக்கும். அதுதான் இலவச மேஜை. வேண்டாததை யாரும் வைக்கலாம், வேண்டியதை யாரும் எடுக்கலாம். வைத்தவர் திரும்பக் கேட்கக் கூடாது.

"ஞாயித்துக்கெழமை ஒம்பது வண்டி சேர்ந்து கிளம்புறோம், மலையேறி நியூ மெக்ஸிகோவுக்கு" என்றாள். "பியானோவைக் குடுத்தேன், வாயைத் திறக்கல. எங்கம்மாவோட சாப்பாட்டு மேஜையைக் குடுத்தேன். அடுப்பு, தோட்டம், ரெண்டு அலமாரி போர்வை, எல்லாத்தையும் குடுத்தேன். இது ஒண்ணைத்தான் கேட்டேன். எந்த முகாமுக்குப் போனாலும் யாரோட பந்தலாவது கிழிஞ்சிருக்கும். நான் தச்சுக் குடுக்கறேன். மெஷின் இருந்தா நான் தைக்கிறவ. இல்லைன்னா அந்த வண்டியில அவர் பக்கத்து சீட்டு, அவ்வளவுதான்."

என் தலைக்குமேல் கடைப்பந்தல் படபடவென்று அடித்தது. ஜனவரிக் காற்றில் ஒரு முழம் கிழிந்து, நான் துணி கவ்வுகிற கிளிப்பால் சேர்த்து வைத்திருந்தேன். அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பேரம் பேசவே தேவையில்லாமல் ஒரு வியாபாரம் படிந்தது. அப்படிப் படிந்தால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. அதனால் சும்மாவாவது சொன்னேன்:

"மேல நாலு கொக்கி சேர்த்துத் தரேன். ஓரத்துக்கு ரெட்டைத் தையல் போடணும்."

"ஆறு கொக்கி" என்றாள் நெல்டா.

அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் வண்டிவீட்டுக்குப் போனேன். என் வைத்தியத்தில் முதல் படி, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துத் தரையில் விரித்த தார்ப்பாயில் பரப்புவது. பொதுவாக இந்தக் கட்டத்திலேயே பாதிக் குடும்பங்கள் சண்டை பிடிக்கும். தான் என்னென்ன வைத்திருக்கிறோம் என்று வெயிலில் பார்ப்பது யாருக்கும் நல்லதல்ல.

கெரிட் வாசல்படியில் காலைக் கட்டோடு உட்கார்ந்து, கையளவு கல் ஒன்றைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். பெரிய ஆள், வெள்ளை மீசை, பேசும்போது கல்லைத்தான் பார்ப்பான். இந்தப் பக்கம் வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தக் காய்ச்சல் உண்டு. சுத்தியலோடு காலையில் போவார்கள், கோடுபோட்ட கல், சிவப்புக் கல், உடைத்தால் உள்ளே பளபளக்கிற கல் என்று தூக்கிக்கொண்டு மத்தியானம் வருவார்கள். அவன் பிக்அப்புக்குப் பின்னால் ஒரு நீலப் படுதா மேடாகக் கிடந்தது.

"அது என்ன கெரிட், கல்லறையா?" என்றேன்.

"கல்லுதான். இங்கயே விட்டுட்டுப் போகப்போறேன். சும்மா பாக்கறதுக்கு."

"பதினாலு டார்ச் லைட்டும் சும்மா பாக்கறதுக்கா?" உள்ளேயிருந்து நெல்டா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு எரியலைன்னா?"

"பதிமூணு இருக்கே. அதுல எத்தனை எரியுதுன்னு பாரு."

இரண்டு எரிந்தன.

எங்கள் தொழிலில் ஒரே சூத்திரம்தான்: எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலை செய்துகொண்டு உள்ளே குடியிருக்கக் கூடாது. மூன்று நாள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்தோம். சமையல் பாத்திரம் பதினெட்டு இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற ஐந்து போதும் என்று ஆக்கினோம். குளிர்காலக் கம்பளி உடைகளைத் தலையணை உறைக்குள் திணித்துத் தைத்தாள். அவை பகலில் சோபாத் திண்டு ஆயின. கழிவறைக் கதவின் பின்னால் செருப்பு வைக்கிற பை ஒன்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு அறையிலும் சோப்பு, மாத்திரை, கண்ணாடி, சார்ஜர் என்று போட்டோம். மசாலா டப்பாக்கள் மேலலமாரியின் அடிப்பக்கம் காந்தத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டன. வெங்காயமும் ஆரஞ்சும் ஜன்னலோர வலைத்தொட்டிலில் ஏறின. குளிர்பெட்டிக்குள் குறுக்கே ஒரு ஸ்பிரிங் கம்பியை இறுக்கினேன். இனி மலைச்சாலையில் பால் பாட்டில் உருண்டு கதவில் மோதாது. கண்ணாடிப் பாட்டில்களுக்கெல்லாம் ஜோடி தொலைத்த காலுறைகளை மாட்டினோம், ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாமல் இருக்க. பதினோரு மாதத்தில் அவர்கள் இருபத்திரண்டு ஒற்றைக் காலுறை சேர்த்திருந்தார்கள். ஒன்றுகூட ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

"இது எல்லாம் கண்டிப்பா உங்ககிட்டதான் வாங்கணுமா?" என்று கெரிட் வெளியிலிருந்து கேட்டான்.

"காலுறை உன்னுது. அதுக்கு நான் ஒண்ணும் கேக்கல."

வேண்டாதவை இலவச மேஜைக்குப் போயின: எரியாத டார்ச், இரண்டாவது காபி மெஷின், மூன்றாவது காபி மெஷின், எட்டுப் பேர் படுக்கிற கூடாரம். புதன்கிழமை மத்தியானம் நெல்டா என் கடைப்பந்தலை இறக்கி, இலவச மேஜையின் ஒரு மூலையிலேயே மெஷினை வைத்துத் தைத்தாள். ஊசி மேலே கீழே போகிற சத்தம் டீசல் ஜெனரேட்டர் மாதிரி இருந்தது. அந்தக் கனத்த துணி அவள் கையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. ரெட்டைத் தையல். கேட்டது நான்தான், ஆனாலும் அவ்வளவு நேராக எதிர்பார்க்கவில்லை.

மெஷினுக்கு இடம் வியாழக்கிழமைதான் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையின் வலப்பக்க இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே 'என்றைக்காவது தேவைப்படும்' என்கிற சாமான்கள். என்றைக்காவது என்பது இத்தனை காலமாக வரவில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டோம். அளந்தால் நீளம் இருபத்தொன்று, அகலம் பதினொன்று, உயரம் பதினாலரை.

"அரை அங்குலம் மிச்சம்" என்றாள் நெல்டா. நாடாவை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

"அது எனக்குக் கமிஷன்" என்றேன்.

நூறு பவுண்டு தாங்குகிற இழுப்பறைத் தண்டவாளம் இரண்டை அடியில் திருகி, ஒரு பலகையைப் பொருத்தி, அதன்மேல் மெஷினை போல்ட் போட்டு இறுக்கினோம். சக்கரத்துக்கு நேர் மேலே, தாழ்வாக. கனமான பொருளுக்கு அதைவிட நல்ல இடம் வண்டிவீட்டில் கிடையாது. இருக்கையின் முன்பலகையைக் கீல் வைத்துக் கதவாக்கினாள் நெல்டா. இழுத்தால் மெஷின் சறுக்கிக்கொண்டு வெளியே வரும், தள்ளினால் போகும், கதவு மூடும். எத்தனை முறை இழுத்துத் தள்ளினோம் என்று சொன்னால் எங்கள் வயதுக்கு நன்றாக இருக்காது.

அன்று நாலு மணிக்கு முன்னால் கெரிட்டை உள்ளே அனுப்பினோம். "தேடு" என்றாள் நெல்டா. வாசலில் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கட்டிலைத் தூக்கிப் பார்த்தான். அலமாரியைத் திறந்தான். இடப்பக்கம் வரிசையாக ஆறு அலமாரி அறைகள், திறந்தால் ஆறும் காலி. வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கிற பெரிய சாமான் அறையைக்கூடப் போய்த் திறந்தான், அதுவும் முக்கால்வாசி காலி. கடைசியில் களைத்துப்போய் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "வித்துட்டியா?" என்றான்.

"அதுமேலதான் உக்காந்திருக்கே."

அவன் எழுந்து கதவை இழுத்தான். மெஷின் வெளியே வந்தது. தள்ளினான், போயிற்று. திரும்ப இழுத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நாலு தடவை நடந்து பார்த்தான். "விரல் ஒண்ணும் சொல்லல" என்றான். வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். நெல்டா அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். ஆனால் நான் பார்த்தேன், அவன் கண் மெஷின்மேல் இல்லை. காலியாகக் கிடந்த அந்த ஆறு அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருமணச் சாப்பாட்டில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் அந்தத் தட்டைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. வீட்டைப் பார்த்து வியக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணி என்ன பிரயோஜனம்!

மறுநாள் வெள்ளி. நெல்டா வழக்கம்போல ஊருக்குள் துணி துவைக்கப் போனாள். நான் கடையில் இருந்தேன்.

சனிக்கிழமை எடை நாள். சேர்ந்து மலையேறுகிற கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: முதல் நாள் ஒவ்வொரு வண்டிவீட்டையும் சக்கரம் சக்கரமாக எடை போட வேண்டும். வண்டிக்கு அனுமதித்த எடைக்கு மேலே போனால் அங்கேயே, அப்போதே, மிச்சத்தை இறக்கி இலவச மேஜையில் வைக்க வேண்டும். இறக்காதவர் கூட்டத்தோடு வரக் கூடாது. மலையிறக்கத்தில் ஒருவர் டயர் வெடித்தால் பின்னால் வருகிற எட்டுப் பேருக்கும் அது தலையெழுத்து. எடை போடுகிறவர் ஹாலிஸ். எழுபது வயது, நெடுஞ்சாலை எடைமேடையில் முப்பது வருஷம் லாரிகளைத் திருப்பி அனுப்பியவர். சிரிக்கிற பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கெரிட் வண்டியை எடைத்தட்டுகள்மேல் ஏற்றினான். ஹாலிஸ் நாலு தட்டையும் படித்தார், கூட்டினார், வண்டியின் அனுமதி எடை எழுதிய அட்டையைப் பார்த்தார், மறுபடி கூட்டினார்.

"இருநூத்திப் பத்து பவுண்டு கூட" என்றார்.

"என்னது?" என்றாள் நெல்டா.

"அனுமதிக்கு மேல இருநூத்திப் பத்து. இறக்கணும்."

மூன்று நாளாக அந்த வண்டிவீட்டிலிருந்து சாமான் வெளியே போவதை முகாமே பார்த்திருந்தது. ஒரே ஒரு கனமான பொருள்தான் உள்ளே போனது, அதையும் முகாம் பார்த்திருந்தது. பத்துப் பேர் கண்ணும் ஒரே இருக்கையைத் தேடின. கெரிட் மட்டும் அங்கே பார்க்கவில்லை. அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெல்டா உள்ளே போனாள். கதவை இழுக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே போனேன். மண்டியிட்டு, முதல் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"பாத்தா தெரியலையா? இது அம்பத்திநாலு. மீதிக்கு உன் சாமானையும் எடுக்கறேன். தப்பா நெனச்சுக்காதே மேவிஸ், நீ நல்லாத்தான் பண்ணிக் குடுத்தே."

"ஸ்பானரைக் கீழ வை."

"எல்லாரும் நிக்கறாங்க."

"நிக்கட்டும். நாற்காலி அவங்கவங்க கொண்டுவந்திருப்பாங்க."

வியாபாரிக்கு ஒரு வியாதி உண்டு. சரக்கு வெளியே போய்க் கல்லாவில் பணமும் குறைந்திருந்தால் தூக்கம் வராது. நாங்கள் இறக்கியது குறைந்தது நூற்றைம்பது பவுண்டு இருக்கும். இறக்கிய வண்டி எப்படிக் கனம் கூடும்? நான் வெளியே வந்து ஹாலிஸிடம் கையை நீட்டினேன்.

"சக்கரம் சக்கரமாச் சொல்லுங்க."

"மொத்தம்தான் முக்கியம்."

"எனக்கு சில்லறைதான் முக்கியம். படிங்க."

அவர் பெருமூச்சு விட்டுப் படித்தார். வலப்பக்க இரண்டு சக்கரமும் அனுமதிக்குக் கீழே, வசதியாக. இடப்பக்கம் இரண்டும்தான் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"மெஷின் எந்தப் பக்கம்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"வலப்பக்கம்" என்றார்கள் இரண்டு மூன்று பேர், வியாழக்கிழமை வேடிக்கை பார்த்தவர்கள்.

"இடப்பக்கம் என்ன இருக்கு? ஆறு காலி அறை. நான்தானே காலி பண்ணினேன்." நான் கெரிட்டைப் பார்த்தேன். "காலி அறை ஒண்ணு எவ்வளவு கனம் இருக்கும் கெரிட்?"

அவன் மீசையைத் தடவினான். "அது… கொஞ்சம் வெச்சிருக்கேன்."

"என்னத்தை?"

"கொஞ்சம்."

ஹாலிஸ் தானே உள்ளே போய் முதல் அறையைத் திறந்தார். காலுறைகள். வரிசையாக, படுக்கவைத்த குழந்தைகள் மாதிரி, தலையில் முடிச்சுப் போட்ட காலுறைகள். ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே கோடுபோட்ட கல். இரண்டாவது அறையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அந்தப் பாத்திரங்கள் ஐந்தும், ஒவ்வொன்றிலும் அளவு பார்த்துப் பொறுக்கிய சிவப்புக் கற்கள், நடுவே துணி. மூன்றாவதில் ஒரு ஸ்பிரிங் கம்பி, உருளாமல் பிடித்துக்கொள்ள. அடியறையில் 'குளிர்கால உடை' என்று நெல்டா கையால் எழுதி ஒட்டிய பெட்டியைத் திறந்தால், கெரிட் கையால் எழுதிய சின்னச் சீட்டுகளோடு, நிறவாரியாக, உடைத்தால் உள்ளே பளபளக்கிற கற்கள். ஒன்று இடிக்கவில்லை, ஒன்று உருளவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வித்தையை இவ்வளவு சுத்தமாகச் செய்த வாடிக்கைக்காரர் எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். பிக்அப்புக்குப் பின்னால் அந்த நீலப் படுதா மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நெல்டா கையில் ஸ்பானரோடு வாசலில் நின்றாள்.

"இங்கயே விட்டுட்டுப் போறதாச் சொன்னியே."

"விட்டுட்டுத்தான் போறதா இருந்தேன், நெல். சத்தியமா. நேத்து நீ துவைக்கப் போயிட்டே. நான் ஒரு கல்லை மட்டும் கொண்டுவந்து வெச்சுப் பாத்தேன். அவ்வளவு அழகா உக்காந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு." அவன் கையை விரித்தான். "இடம் இருந்துச்சு."

இதுதான் எங்கள் ஆட்களுக்கே உரிய புத்தி. வீட்டில் இருக்கிறவர்கள் இடம் தீர்ந்தால்தான் நிறுத்துவார்கள்; சரி, இடம் தீரும், நிறுத்துவார்கள். சக்கரத்தில் இருக்கிறவனுக்கு இடம் மிச்சமிருக்கும்போதே கனம் தீர்ந்துபோகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சரக்கு விற்று முடித்த பிறகுதான் சொல்வேன், அது வேறு விஷயம்.

"நான் போல்ட்டைக் கழட்டினேன் கெரிட்" என்றாள் நெல்டா. "நீ அங்க நின்னு செருப்பைப் பாத்துக்கிட்டிருந்தே."

அவள் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசம். அவ்வளவு பெரிய ஆள் ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"எப்ப, நியூ மெக்ஸிகோவுலயா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். கெரிட்டின் காது சிவந்துபோயிற்று. பிறகு அவன் செய்ததைச் சொல்ல வேண்டும். நெல்டா கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான், மண்டியிட்டு அந்த போல்ட்டைத் திருப்பி இறுக்கினான். இறுக்கிவிட்டு முதல் அறையிலிருந்த காலுறைகளை அள்ளிக்கொண்டு வெளியே நடந்தான்.

"எல்லாத்தையும் இறக்கிடறேன்" என்றான்.

"நில்லு" என்றாள் நெல்டா. "எவ்வளவு இருக்கும் மொத்தம்?"

"முந்நூறு இருக்கலாம்."

"ஹாலிஸ், என் மெஷின் அம்பத்திநாலு பவுண்டு. எழுதிக்கோங்க." அவள் கெரிட் பக்கம் திரும்பினாள். "உனக்கும் அம்பத்திநாலு. அதுக்கு மேல ஒரு மிளகு அளவு கூடாது, அதுக்குக் கீழ வேணும்னா உன் இஷ்டம். எதுன்னு நீயே பொறுக்கிக்கோ."

ஹாலிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். "ரெண்டு பேருக்கும் அம்பத்திநாலுன்னா வண்டி அனுமதிக்குள்ள வந்துடும். முப்பத்தாறு பவுண்டு மிச்சம்கூட இருக்கும்" என்றார்.

"அந்த மிச்சம் மிச்சமாவே இருக்கட்டும்" என்றாள் நெல்டா. "யாரும் அதைப் பாக்க வேண்டாம்."

அதன் பிறகு நடந்ததுதான் அந்தக் குளிர்காலத்திலேயே நல்ல வேடிக்கை. கெரிட் படுதாவை விரித்து முந்நூறு பவுண்டையும் பரப்பினான். ஹாலிஸ் ஒரு எடைத்தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தான். ஒரு கல்லை வைப்பான், எடுப்பான், இன்னொன்றை வைப்பான். சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"அந்தப் பச்சையை விடு கெரிட், அது உன் மூஞ்சி மாதிரி இருக்கு."

"அதனாலதான் எடுக்கறேன்."

"ஒம்பது பவுண்டு ஒரே கல்லா? அதுக்கு மூணு சின்னது வரும்யா!"

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்ப இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டியா?"

"அப்ப எடைத்தட்டு இல்ல" என்றான் கெரிட். நெல்டா கையில் கிடைத்த காலுறையை அவன்மேல் வீசினாள். நல்லவேளை, அது காலி.

மத்தியானம் யாரோ ஒரு பானை பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்தார்கள். இரண்டு மணிக்கு எடை ஐம்பத்து மூன்றே முக்காலில் நின்றது. கால் பவுண்டில் ஒரு கல் தேட இன்னும் அரை மணி நேரம். பாக்கி இருநூற்று நாற்பத்தாறு பவுண்டை இலவச மேஜையில் வைக்கப் பார்த்தான். பலகை முனகியது. "பாலைவனத்துல கல்லை யாருய்யா இலவசமா எடுப்பாங்க?" என்று ஹாலிஸ் சொல்ல, நாலு பேர் சேர்ந்து தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பொறுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த வருஷம் யாராவது அதிர்ஷ்டசாலி அங்கே போய்ச் சுத்தியலை ஓங்குவான். எல்லாம் கழுவித் தேய்த்துத் தயாராக இருக்கும்.

நெல்டா அதற்குள் மெஷினை இழுத்து, மேஜையோடு சேர்த்து நிறுத்தியிருந்தாள். என் பந்தலில் மிஞ்சிய துணியில் ஒரு நீளப் பை தைத்துக்கொண்டிருந்தாள். கல்லுக்கு ஒரு அறை, இருபது அறை, மேலே மூடி, சுருட்டிக் கட்ட நாடா. கெரிட் ஒவ்வொரு கல்லாகக் கொடுக்க, சுற்றளவு பார்த்து அறை வைத்தாள். "இது?" என்பான். "கொஞ்சம் திருப்பு" என்பாள். ஜெனரேட்டர் மாதிரி அந்தச் சத்தம் முகாம் முழுக்கக் கேட்டது. யாரும் தூக்கம் கெட்டது என்று புகார் சொல்லவில்லை, அது மத்தியானத் தூக்க நேரமாக இருந்தும்.

நாலு மணிக்குப் பை முடிந்தது. கல்லெல்லாம் உள்ளே போயிற்று, ஒன்று இடிக்கவில்லை. கெரிட் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு அலமாரியில் வைக்கப் போனான்.

"எங்க போறே?" என்றாள் நெல்டா. "எடை போடு."

"இப்பத்தானே போட்டோம்!"

"கல்லை. பையோட போடலியே."

ஹாலிஸ் தட்டை நீட்டினார். ஐம்பத்தைந்தே கால். பை மட்டும் ஒன்றே கால் பவுண்டு. அது கனத்த துணி, ரெட்டைத் தையல்.

"ஒரு கல்லை எடு" என்றாள்.

"நெல்! நீ தச்ச பை அது!"

"அதனாலதான் எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும்."

கெரிட் ஹாலிஸைப் பார்த்தான். ஹாலிஸ் முப்பது வருஷம் லாரிக்காரர்களைப் பார்த்த முகத்தோடு அவனைப் பார்த்தார். அவன் முனகிக்கொண்டே ஒரு கல்லை உருவி, யாரும் கவனிக்காத மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சட்டைப்பையும் வண்டியிலதான்யா ஏறப்போகுது" என்றார் ஹாலிஸ். அப்போது அவர் உதட்டோரத்தில் ஒன்று அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், ஈயாகவும் இருக்கலாம்.

வேறு வழியில்லாமல் அவன் அதை என்னிடம் நீட்டினான். உள்ளங்கை அளவு, தேன் நிறம், நடுவே வெள்ளைக் கோடு. "மேவிஸ், நீங்க வெச்சுக்கோங்க. பத்திரமாப் பாத்துக்கோங்க. ஒண்ணரைப் பவுண்டு. அடுத்த வருஷம் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வண்டிவீடும் வரிசையாகக் கிளம்பிப் போயின. அவர்கள் வண்டி நாலாவது. நெல்டா ஜன்னலில் கையை ஆட்டினாள், மடியில் யாரோ கொடுத்த கிழிந்த பந்தல் துணி ஒன்று. புழுதி அடங்கியதும் நான் மேஜையைப் பரப்பினேன்.

கல் என் விலைச்சீட்டுகளின் மேல் இருக்கிறது, காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு. தினமும் நாலு பேராவது அதைத் தொட்டுப் பார்த்து விலை கேட்கிறார்கள். வேறொருவருடையது, விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருவர் நேற்று ஒரு நல்ல தொகை சொன்னார். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.